மார்கழியில் இரண்டு அடி: ஒரு படுவான்கரைக் குளத்தின் நீர்க்கணக்கு

இரவு ஒரு மணி தாண்டி மாமாவுக்கு அழைப்பு வந்தது. "வான்கதவு திறந்திட்டாங்களாம், வயலைப் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். வான்கதவு என்றால் குளத்தில் மிஞ்சும் தண்ணீரை வெளியே விடும் கதவு. மாமா ரோர்ச் லைட்டோடு போய்ச் சேர்ந்தபோது வரம்புகள் மறைந்துவிட்டன. வெள்ளாமை குடலைப் பருவம், கதிர் உள்ளே திரளும் நேரம். முழங்காலளவு தண்ணீரில் பயிரின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. தவளைச் சத்தமே இல்லை. வாய்க்கால் கட்டு உடைந்த இடத்தில் மட்டும் சோற்றுப்பானை கொதிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்று அவர் பிறகு சொன்னார்.

மூன்று நாளாகத் தண்ணீர் வடியவில்லை. வடிந்தபோது பயிரும் இல்லை. கீழ்வட்டைக்காரர், அதாவது கீழ்ப்பக்க வயல்வெளிக்காரர், எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "மழை நாலு நாளாய்ப் பெய்யுது, முதல் நாளே கொஞ்சங் கொஞ்சமாத் திறந்திருக்கலாமே?" அந்த ஆண்டு தை மாதம் மழை பொய்த்தது. சித்திரையில், கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கான ஆரம்பக் கூட்டம் கூடியபோது குளம் நிறையவில்லை. அந்தக் கூட்டத்தில் மேல்வட்டைக்காரர் எழும்பிக் கேட்டதும் ஒரே கேள்வி: "மார்கழியில் அவ்வளவு தண்ணியையும் ஏன் திறந்துவிட்டீங்க?"

ஒரே தண்ணீருக்கு இரண்டு பழி. ஒருவருக்கு அது பிந்தித் திறந்த தண்ணீர். மற்றவருக்குத் திறந்திருக்கவே கூடாத தண்ணீர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க முடியுமா என்று தேடிப் போனதுதான் இந்த ஆய்வு. குளத்தின் பெயரை எழுதவில்லை, அங்கே பொறுப்பில் இருந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமும் இல்லை. எண்களையும் கையால் போட்டுப் பார்க்கக்கூடிய முழு எண்களாக மாற்றித்தான் தருகிறேன். யாரும் தங்கள் குளத்தின் எண்களை இதே இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

குளமும் அதை நம்பியிருப்பவர்களும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. குளங்கள் படுவான்கரைப் பக்கம், நகரமும் சனமும் அதிகம் எழுவான்கரைப் பக்கம். மேற்கே உள்ள காடுகளிலிருந்து வரும் ஆறுகளை உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி போன்ற குளங்கள் மறிக்கின்றன. அவற்றில் மிஞ்சுவது வயல்களுக்குள்ளால் இறங்கி வாவிக்கும் கடலுக்கும் போகிறது. உன்னிச்சைத் தண்ணீர் வயலுக்கு மட்டுமல்ல, சுத்திகரித்து மட்டக்களப்புக்குக் குடிநீராகவும் போகிறது. அதாவது வெள்ளக் காலத்தில் காலியாக இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டமும், கோடையில் நிறைந்திருக்க வேண்டும் என்று இரண்டு கூட்டமும் பார்த்துக்கொண்டிருக்கும் குளங்கள் இவை.

எங்கள் கணக்கில் குளத்தின் ஆழம் 30 அடி. நிறைந்தால் 20,000 ஏக்கர் அடி கொள்ளும். நிறைந்த நிலையில் நீர்ப்பரப்பு 2,000 ஏக்கர். மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பு 150 சதுர கிலோமீற்றர். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி, 1,233 கன மீற்றர். நம்முடைய விவசாயிகளுக்கு இந்த அளவு தண்ணீர்பட்ட பாடு. இன்னொரு வாய்ப்பாட்டையும் மனதில் வைத்திருந்தால் போதும்: செக்கனுக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஏறத்தாழ 2 ஏக்கர் அடி.

சீ.ஆர். கொப்பி

இந்தக் கணக்கைப் போட ஒரு கணினி மாதிரி வேண்டும், அதாவது குளத்தின் நீர் வரவு செலவைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் கணக்கு. மாதிரி என்றவுடன் எல்லோரும் மென்பொருளைத்தான் கேட்பார்கள். அமெரிக்க இராணுவப் பொறியியற் படையின் நீரியல் மையம் இலவசமாகத் தரும் ஹெக்-ரெஸ்சிம் இருக்கிறது, ஸ்ரொக்ஹோம் சுற்றாடல் நிறுவகத்தின் வீப் இருக்கிறது, டென்மார்க்கின் மைக் இருக்கிறது. நான் தொடங்கியது எக்செல் தாளில். ஒரு குளம், வயலுக்குத் தண்ணீர் விடும் ஒரு துருசு, மிஞ்சியது வழியும் ஒரு வான் என்றால் எக்செல் போதும். போதாமல் இருந்தது தரவு.

தரவு கிடைத்தது, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பிலிருந்த ஒரு வயதான வட்டவிதானையாரின் அலுமாரியில். நீலக்கரை போட்ட சீ.ஆர். கொப்பிகள் என்ற குறிப்பேடுகள், சிலவற்றைக் கறையான் அரித்திருந்தது. ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு அளவுகோலில் கண்ட நீர்மட்டம், துருசுக் கதவு எத்தனை சுற்றுத் திறந்தது, மழைமானியில் எவ்வளவு, எல்லாம் எழுதியிருந்தார். நாட்டு நிலைமை மோசமான காலங்களில் கிழமைக்கணக்கில் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அந்த வெற்றுப் பக்கங்களைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சில நாட்களுக்கு எதிரே "வான்" என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. வான் பாய்ந்த நாள். அதற்குமேல் அன்றைக்கு எழுத நேரமிருக்கவில்லை.

மாதிரியின் உயிர் ஒரே வரிதான். இன்றைய இருப்போடு வந்த தண்ணீரைக் கூட்டு. வயலுக்கு விட்டது, குடிநீருக்கு எடுத்தது, ஆவியானது, கசிந்தது, வானால் போனது இவற்றைக் கழி. வருவது நாளைய இருப்பு. கடைக்காரர் கல்லாப்பெட்டிக் கணக்கைப் போலத்தான். சிக்கல் என்னவென்றால், வந்த தண்ணீரை யாரும் அளக்கவில்லை. காட்டுக்குள்ளிருந்து பல கால்களாக வரும் ஆற்றை எங்கே நின்று அளப்பது? ஆகவே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்: மட்டம் இவ்வளவு ஏறியது, இவ்வளவு வெளியே போனது, அப்படியானால் இவ்வளவு வந்திருக்க வேண்டும்.

திருப்பிப் போட்ட முதல் கணக்கில் சில நாட்களுக்கு விடை சைபருக்குக் கீழே வந்தது. அதாவது ஆறு குளத்திலிருந்து காட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறது! இரண்டு கிழமை அதோடு மல்லுக்கட்டினேன். விஷயம் இதுதான். குளம் நிறைந்திருக்கும்போது ஒரு அங்குல வித்தியாசம் 167 ஏக்கர் அடி. ஒரு நாள் ஓட்டமாக மாற்றினால் செக்கனுக்கு 84 கன அடி. கச்சான் காற்று அடிக்கும் நாளில் அளவுகோல் பக்கம் தண்ணீர் ஒதுங்கி ஒரு அங்குலம் கூடக் காட்டும், பாசி பிடித்த பலகையில் கண் ஒரு அங்குலம் குறைத்து வாசிக்கும். நாளொன்றுக்கு 10,000 கன மீற்றர் குடிநீர் எடுக்கிறோம் என்று வைத்துக்கொண்டால் அது வெறும் 4 கன அடி ஓட்டம். வாசிப்பதில் விடும் ஒரு அங்குலப் பிழை அந்தக் குடிநீரின் இருபது மடங்கு. அதற்குப் பிறகு நாளுக்கு நாள் பார்ப்பதை விட்டு, ஐந்து நாள் சராசரி எடுத்தேன். ஆறு நேராக ஓடத் தொடங்கியது.

அடிக்கு அடி ஒன்றல்ல

வானொலியிலும் செய்தியிலும் குளத்தின் நீர்மட்டத்தை அடியில்தான் சொல்கிறார்கள். "முப்பது அடியில் இருபது அடி இருக்குது" என்றால் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் இருப்பதாக நெஞ்சு எடுத்துக்கொள்கிறது. குளம் பீங்கான் கோப்பை அல்ல, சரிந்த தாம்பாளம். எங்கள் கணக்குக் குளத்தைப் புனல் வடிவம் என்று எடுத்தால், கீழ்ப் பத்து அடியில் 740 ஏக்கர் அடி தண்ணீர்தான் இருக்கும். மேல் இரண்டு அடியில் மட்டும் ஏறத்தாழ 3,700 ஏக்கர் அடி. இருபது அடியில் இருக்கும்போது உண்மையில் கையில் இருப்பது 6,000க்குக் கொஞ்சம் குறைவு, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மார்கழிச் சண்டை முழுவதும் அந்த மேல் இரண்டு அடிக்குத்தான்.

சிறுபோகத்தில் ஒரு ஏக்கர் நெல்லுக்குத் துருசிலிருந்து 4 ஏக்கர் அடி வேண்டும் என்று எடுத்தால், 3,700 ஏக்கர் அடி என்பது 900 ஏக்கருக்கு மேற்பட்ட விளைச்சல். மழைக்காலத்தில் இரண்டு அடி வெற்றிடம் வைத்து, பிறகு மழை வராமல் போனால் போவது இவ்வளவு. மேல்வட்டைக்காரரின் கோபத்துக்கு இப்போது ஒரு எண் கிடைத்துவிட்டது. கீழ்வட்டைக்காரரின் பயத்துக்கும் அதே போல ஒரு எண் வேண்டும்.

வெற்றிடத்தை மணி நேரத்தில் அளந்தால்

ஊறிய நிலத்தில் ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் பெய்கிறது. அதில் 60 வீதம் குளத்துக்கு ஓடிவருகிறது என்றால் 11,000 ஏக்கர் அடி, குளத்தின் பாதிக்கு மேல். குளம் ஏற்கெனவே நிறைந்திருந்தால் அவ்வளவும் கீழே போக வேண்டும், சராசரியாகச் செக்கனுக்கு 5,500 கன அடி. உச்ச நேரத்தில் அதைவிடக் கூட. குளத்துக்குக் கீழே ஆறு கரை மீறாமல் தாங்குவது 800 கன அடி என்று வையுங்கள். இரண்டு அடி வெற்றிடம் இருந்தால் ஓடிவரும் 11,000 ஏக்கர் அடியில் மூன்றில் ஒரு பங்கு குளத்துக்குள் நிற்கும்.

சரி, பெருமழை என்றால்? நிலம் முழுக்க நனைந்தபின் 250 மில்லிமீற்றர் பெய்து, அதில் 80 வீதம் ஓடிவந்தால் 24,300 ஏக்கர் அடி. குளத்தை முழுவதும் வறட்டி வைத்திருந்தாலும் கொள்ளாது. இரண்டு அடி வெற்றிடம் அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மனம் விழுந்துவிட்டது. 2011 தை மாதத்தில் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பாதித்த வெள்ளத்தில் மிக மோசமாக அடிபட்டது மட்டக்களப்பு மாவட்டம். அம்மா எங்களைப் பள்ளிக்கூட மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனது அந்த நாட்களில்தான். அப்படிப்பட்ட ஒரு மழையை ஒரு குளத்தின் கதவை வைத்து நிறுத்திவிடலாம் என்றுதான் நானும் அதுவரை நம்பியிருந்தேன்.

அப்புறம் அதே எண்ணை நேரமாக மாற்றிப் பார்த்தேன். முதல் மழையில் இரண்டு அடி நிறைய எட்டு மணி நேரம் எடுக்கும். பெருமழையில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வெற்றிடம் பெருவெள்ளத்தைத் தடுக்காது, ஆனால் நேரம் தரும். எட்டு மணி நேரமென்றால் இரவு ஒரு மணி அழைப்பு மாலை ஐந்து மணிக்கே போயிருக்கலாம், அல்லது தண்ணீர் காலை ஒன்பது மணிக்கு வெளிச்சத்தில் வந்திருக்கலாம். மாட்டை அவிழ்த்துவிட, நெல்மூட்டையை மேட்டுக்கு ஏற்ற, கிழவியைத் தோளில் தூக்க எட்டு மணி நேரம் நிறையக் காலம். நாலு மணி நேரமும் சும்மா இல்லை.

அடுத்தது, அந்த இரண்டு அடியை எப்படி இறக்குவது. மழை எச்சரிக்கை வந்து மூன்று நாளில் இறக்கினால் செக்கனுக்கு 620 கன அடி போதும், ஆறு கரைக்குள்ளேயே ஓடும், வயல்காரர் நித்திரை குழம்பாது. மழை தலைக்குமேல் வந்தபின் அரை நாளில் இறக்கப் போனால் 3,700 கன அடிக்கு மேல். அதே தண்ணீர்தான். மாமாவின் வயலில் நின்றது இரண்டாவது வகைத் தண்ணீர்.

இறக்கியது திரும்பி வருமா என்பதற்கும் கணக்கு உண்டு. பெய்யும் மழையில் பாதி ஓடிவருகிறது என்றால், இன்னும் 60 மில்லிமீற்றர் மழை கிடைத்தால் அந்த இரண்டு அடி நிரம்பிவிடும். நமது பக்கம் ஆண்டு மழையில் பெரும்பங்கு கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில்தான் விழுகிறது. கார்த்திகையிலும் மார்கழி நடுவிலும் 60 மில்லிமீற்றர் மழைக்குப் பயப்படத் தேவையில்லை, அது வரும். தைப்பொங்கல் கழிந்தபின் அந்த உறுதி தளர்கிறது. ஆகவே வெற்றிடம் என்பது ஆண்டு முழுவதற்கும் ஒரே அளவாக இருக்க முடியாது, திகதியோடு சுருங்க வேண்டும். நீரியலாளர்கள் இதை வழிகாட்டிக் கோடு என்பார்கள்: இந்தத் திகதியில் குளம் இந்த மட்டத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று ஆண்டு முழுவதற்கும் வரைந்த ஒரு கோடு. கொப்பிகளில் இருந்த ஆண்டுகளை ஒவ்வொன்றாக அந்தக் கோட்டோடு ஓட்டிப் பார்த்தோம். பொங்கல் வரை இரண்டு அடி, தை முடியும்வரை ஒரு அடி, மாசியில் நிறையவிடலாம் என்பது பெரும்பாலான ஆண்டுகளுக்குப் பொருந்தியது. பொருந்தாத ஆண்டுகளும் இருந்தன. 2011இல் பெப்ரவரியிலும் இரண்டாவது வெள்ளம் வந்ததே. அதனால் எங்கள் கோட்டுக்குக் கீழே, "வானிலை எச்சரிக்கை வந்தால் திகதி செல்லாது" என்று ஒரு வரி சேர்த்தோம்.

"உன்ட கணக்கில அந்த ஓடை இல்லையே"

இந்த இடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். விவசாய சங்கக் கட்டடத்தில் சுவரில் வெள்ளைச் சீலை கட்டி, மடிக்கணினியை வைத்து, மாமாவின் வயல் மூழ்கிய அந்த இரவை ஓட்டிக் காட்டினேன். மூன்று நாள் முன்பே மெதுவாகத் திறந்திருந்தால் கீழ்வட்டையில் தண்ணீர் வரம்புக்கு மேலே வந்திருக்காது என்று திரையில் கோடு சொன்னது. சனம் கைதட்டியது.

கொப்பி தந்த வட்டவிதானையார் கடைசி வாங்கிலிலிருந்து எழும்பினார்.

"மனே, கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா உன்ட கணக்கில அந்த ஓடை இல்லையே."

"எந்த ஓடை ஐயா?"

"குளத்துக்குக் கீழ, வீரையடிக்கு அங்கால காட்டுக்குள்ளால ஒரு ஓடை வந்து ஆத்தில விழுது. கோடையில காலால தாண்டலாம். மார்கழியில அது ஆறு. குளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அண்டைக்கு ராவு அதுவும் சேந்துதானே வந்த. மறுகா இன்னொண்டு, முகத்துவாரம் அண்டைக்கு வெட்டியிருக்கல்ல. வாவி நிறைஞ்சு நிண்டது. ஆத்துத் தண்ணி போக வழியில்ல, திரும்பி வயலுக்குள்ள ஏறின."

அவர் சொன்ன ஓடையை அடுத்த நாளே போய்ப் பார்த்தேன். மரங்களில் ஆளுயரத்துக்குமேல் காய்ந்த சருகும் பொலித்தீனும் சிக்கியிருந்தன. அதன் நீரேந்து நிலத்தை வரைபடத்தில் அளந்து மாதிரியில் சேர்த்தேன். வாவியையும் சேர்த்தேன்.

வாவியைச் சேர்ப்பது குளத்தைச் சேர்ப்பதைவிடக் கடினம். 50 கிலோமீற்றருக்கும் அதிக நீளமான, ஆழமில்லாத நீர்ப்பரப்பு. கடலோடு பாலமீன்மடுப் பக்கமும் கல்லாற்றுப் பக்கமும் வாய். கோடையில் மணல் திட்டு வாயை அடைத்துவிடும். மழைக்காலத்தில் தண்ணீர் தானே உடைத்துக்கொண்டு போகும், அல்லது வெட்டிவிடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதே பெரிய வழக்கு: முந்தி வெட்டினால் உவர் ஏறும் என்பார்கள் ஒரு பக்கம், மீன்பாடு கெடும் என்பார்கள் இன்னொரு பக்கம், பிந்தினால் வயல் போகும். 11,000 ஏக்கர் அடித் தண்ணீரை வாய் மூடிய வாவிக்குள் விட்டால், பரப்பை 140 சதுர கிலோமீற்றர் என்று எடுத்தால், வாவி 10 சென்ரிமீற்றர் உயரும். ஒரு குளத்துக்கு இவ்வளவு. ஒரே கிழமையில் பல குளங்களும், குளமில்லாத ஓடைகளும், வாவிமேல் நேராக விழும் மழையும் சேரும்போது அது முழங்காலளவு கதை. வாவி ஓர வயல்கள் அதைவிடப் பெரிதாக உயர்ந்து நிற்பவை அல்ல.

புதிதாக ஓட்டியபோது, அந்த இரவில் மாமாவின் வயலில் நின்ற தண்ணீரில் பாதிக்கு மேல் வான்கதவால் வந்ததே இல்லை என்று விடை வந்தது. கதவை மூன்று நாள் முந்தித் திறந்திருந்தாலும் வயல் மூழ்கியிருக்கும். ஆனால் கணுக்காலளவு, மூன்று நாளுக்குப் பதில் ஒன்றரை நாள். குடலைப் பயிர் அதைத் தாங்கியிருக்கக்கூடும். மாமாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே கேட்டார், சொன்னேன். "அப்ப கதவு மட்டும் இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் சொல்லியிருக்கலாம்" என்றார். நான் எழுதிய எந்தச் சமன்பாட்டையும்விட அந்த இரண்டாவது வசனம் எனக்கு முக்கியம்.

வெள்ள மாதிரியின் கடைசிப் புள்ளி வான்கதவாக இருக்கக்கூடாது என்பதை இதற்குப் பிறகு யாரிடமும் வாதாட எனக்குத் தயக்கமில்லை. அது சனம் கடக்கும் றோட்டாக இருக்க வேண்டும். 2024 நவம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரப் பெட்டியை றோட்டுக்கு மேலால் பாய்ந்த வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. பிள்ளைகள் இறந்தார்கள். எந்தப் பாலத்தடியில் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வரும் என்று சொல்லாத மாதிரி, கதவுக்காரருக்கு உதவும், றோட்டில் நிற்பவருக்கு உதவாது.

கோடைக்கணக்கு

வெள்ளம் பற்றியே எழுதிக்கொண்டு போனால் பங்கீடு நின்றுவிடும். அதற்கு மாதிரி தந்த உதவி உண்மையில் பெரியது, ஆனால் அது விளக்க எளிது.

சித்திரை முதலாம் திகதி குளத்தில் 15,000 ஏக்கர் அடி இருக்கிறது. சேற்றோடு கிடக்கும் அடித்தண்ணீருக்கு 700 தள்ளுங்கள். ஐப்பசி மழை வரும்வரை 200 நாள் குடிநீருக்கு 1,600. ஆவியாதலுக்கு 2,700. நாளுக்கு 5 மில்லிமீற்றர் என்றால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது, ஆனால் 200 நாளில் அது ஒரு மீற்றர், குடிநீரைவிடக் கூடிய தண்ணீரைச் சூரியன் குடிக்கிறது. மிச்சம் 10,000. நாலால் வகுத்தால் 2,500 ஏக்கர். 3,500 ஏக்கரும் செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் கையுயர்த்தினால், ஆடி மாதத்தில் கதிர் வரும் நேரம் கடைசி வாய்க்கால்கள் காயும். எந்த 1,000 ஏக்கர் காயும் என்பது கூட்டத்திலேயே எல்லோருக்கும் தெரியும். அந்த ஆயிரம் ஏக்கர்க்காரருக்குக் கூட்டத்தில் குரல் குறைவு.

இதற்கு நம் நாட்டில் பழைய வழி இருக்கிறது, பெத்மா. தண்ணீர் குறைந்த போகத்தில் குளத்துக்குக் கிட்ட உள்ள நிலத்தை மட்டும் செய்து, அதை எல்லாக் காணிக்காரரும் பங்கிட்டுக்கொள்வது. மாதிரி இங்கே புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எத்தனை ஏக்கருக்குப் பெத்மா என்பதை விதைப்புக்கு முன்னரே சொல்கிறது, அவ்வளவுதான். மாதிரியில் வாய்க்காலை மேல், நடு, கடை என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் கசிவைப் போட்டபோதுதான் இன்னொன்று தெரிந்தது: கடை வயலுக்கு ஒரு ஏக்கர் அடி போய்ச்சேரத் துருசில் அதைவிட எவ்வளவோ கூடத் திறக்க வேண்டும். கசிவைக் குறைத்தால் குளத்தை உயர்த்தாமலே தண்ணீர் கூடும்.

அதைக் கணினி இல்லாமலே செய்து காட்டிய இடம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. பட்டிப்பளை ஆறு என்று பெரியவர்கள் சொல்லும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து, 1949இல் அமைத்த கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ் கட்டியது சேனநாயக்க சமுத்திரம். 770,000 ஏக்கர் அடி கொள்ளும், எங்கள் கணக்குக் குளத்தின் 38 மடங்கு. அவ்வளவு பெரிய குளமிருந்தும் 1970களின் முடிவில் இடதுகரை வாய்க்காலின் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போகவில்லை. மேலே பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைசியில் தமிழ் விவசாயிகளும் இருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, நோர்மன் உப்ஹொஃப் போன்றவர்களின் பங்களிப்போடு, இளம் அமைப்பாளர்களை வாய்க்கால்களுக்கு அனுப்பின. விவசாயிகள் சிறு குழுக்களாகச் சேர்ந்து வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறை வைத்துத் திறந்தார்கள், மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். குளத்தில் தண்ணீர் மிகக் குறைவாக இருந்த போகத்தில் தொடங்கிய வேலை அது. நாட்டில் எந்தக் காலம் அது என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு நெகிழ்கிறது.

என் மாதிரியில் கசிவு என்பது ஒரு எண். அந்த மனிதர்கள் மண்வெட்டியோடு இறங்கிக் குறைத்தது அந்த எண்ணைத்தான்.

பெரிய மாதிரிகளும் சுவரில் ஒரு பலகையும்

நாட்டில் இந்த வேலை புதிதல்ல. மகாவலியின் தொடர் நீர்த்தேக்கங்களை எந்தப் போகத்துக்கு எப்படி இயக்குவது, மின்சாரத்துக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு என்று பல பத்தாண்டுகளாகக் கணினி மாதிரியால் பார்த்து வருகிறார்கள். 2014இல் தொடங்கிய, உலக வங்கி நிதியுதவியுடனான காலநிலைத் தாங்குதிறன் திட்டத்தில் ஆற்றுப்படுகை மாதிரிகள் செய்யப்பட்டன. நமது முந்தனையாறும் அந்தப் பட்டியலில் இருந்தது. அவை என் எக்செல் தாளைவிட ஆயிரம் மடங்கு திறமானவை. நான் கேட்பது ஒன்றுதான்: அவற்றின் விடை வட்டவிதானையாரின் கைக்குத் தமிழில், அடியிலும் மணியிலும் வர வேண்டும். அவர் "ஓடை இல்லையே" என்று திருப்பிச் சொல்ல ஒரு வழியும் இருக்க வேண்டும்.

எங்கள் சங்கக் கட்டடச் சுவரில் இப்போது ஒரு பலகை தொங்குகிறது. ஒரு நிரலில் திகதி, அடுத்ததில் அந்தத் திகதிக்கு ஏற்ற மட்டம், மூன்றாவதில் இன்றைய மட்டம். அந்தக் கோட்டை உத்தியோகபூர்வமாக யாரும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. கதவு திறப்பது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் முடிவுதான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் சென்ற மார்கழியில் மட்டம் கோட்டைத் தொட்ட அன்று சங்கச் செயலாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சொன்னார், அவர்களும் கேட்டுக்கொண்டார்கள், மூன்று நாள் மெதுவாகத் தண்ணீர் போனது. ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பனைமரத்தில் பெயின்றால் அடிக்கணக்குப் போட்டிருக்கிறோம். வட்டவிதானையாரின் பேத்தி காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடம் போக முன்னர் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறாள். படத்துக்குக் கீழே "மாமா பாத்தாச்சா?" என்றும் கேட்பாள். "பார்த்துவிட்டேன்" என்று மாமா பதில் போட்ட பிறகுதான் நான் எக்செல்லைத் திறக்கிறேன்.